வீட்டுக்காரருக்குத் தெரியாத கடன்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, தனுவச்சபுரத்தைச் சுற்றிய ஊர்களில் வீட்டுச் செலவுக்குப் பணம் புரட்டுவது பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. மகளின் கல்லூரிக் கட்டணம், மாமியாரின் மாத்திரை, சொந்தத்தில் வரும் கல்யாணத்துக்குச் செய்ய வேண்டிய முறை என்று செலவு வந்துகொண்டே இருக்கும். பத்தவில்லை என்று சொன்னால், "கொடுத்ததையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டினாய்?" என்று கேள்வி வரும். அதற்குப் பயந்தே பல பெண்கள் கேட்பதை விட்டுவிடுகிறார்கள். சங்கிலியைப் பணயம் வைக்கிறார்கள், குழுக்கடனில் பெயர் கொடுக்கிறார்கள், கடைசியில் வாரவட்டிக்காரரிடம் போய் நிற்கிறார்கள். வாங்கிய பணத்தில் தனக்கென்று ஒரு சேலைகூட எடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் திருடிவிட்டதைப் போல மனம் குறுகுறுத்துக்கொண்டே இருக்கும்.

அந்தக் குறுகுறுப்பை வட்டிக்காரர் நன்றாகவே அறிவார். நகையை விடவும் காசோலையை விடவும் அவருக்கு வசதியான ஈடு, "வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன்" என்ற ஒரு வார்த்தை. அதற்குப் பயந்து ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும்போதுதான் ஆயிரங்கள் லட்சங்களாகின்றன.

முதலில், எது குற்றம், எது குற்றமில்லை என்று பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசிப் பானையில் சேர்த்த சிறுவாடு குற்றமில்லை. 2016-ல் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றபோது, இப்படி ஒளித்துவைத்த பணத்தையெல்லாம் பெண்கள் வெளியே எடுத்து வங்கியில் போட வேண்டியதாயிற்று. அது கணக்கில் வராத வருமானம் என்று கிளம்பிய ஒரு வழக்கில், வருமான வரித் தீர்ப்பாயத்தின் ஆக்ரா அமர்வு 2021-ல் குடும்பத்தலைவியின் பக்கம் நின்றது. அப்போது இல்லத்தரசிகள் போட்ட 2.5 லட்சம் ரூபாய் வரையிலான தொகையை வருமானமாகக் கருதக் கூடாது என்றது.

சொந்த நகையை அடகு வைத்ததும் குற்றமில்லை. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. திருமணத்தின்போது பெண்ணுக்கு வந்த நகை அவளுடைய தனிச்சொத்து. அது கணவன் மனைவியின் கூட்டுச்சொத்து ஆகாது, கணவருக்கு அதில் உரிமை கிடையாது. நெருக்கடியில் அவர் அதைப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். 89 பவுனை இழந்த அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவானது. ஆகவே, தன் நகையைப் பணயம் வைத்த பெண் எவரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. அடகுச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தவணை தவறினால் ஏல அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள். ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்த தொகை உங்களுக்குச் சேர வேண்டியது. பலர் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

ஆபத்து கடனில்தான் இருக்கிறது, அதிலும் கையெழுத்தில். மனைவி தன் பெயரில் வாங்கிய கடனுக்குக் கணவர் பொதுவாகப் பொறுப்பாக மாட்டார். அவர் இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. குழுக்கடனில் கணவரின் கையெழுத்தைக் கேட்பார்கள். அவருக்குத் தெரியக் கூடாது என்று அவர் கையெழுத்தைத் தானே போட்டுவிடும் பெண்கள் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கடன் சிவில் விவகாரம். கள்ளக் கையெழுத்தோ சிறைக்குப் போகும் குற்றம்.

கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும் அப்படித்தான். தொகையை நான் எழுதவில்லை என்பது மட்டும் தப்பிக்கும் வழியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. காசோலை திரும்பினால் இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. எதிர்த்து வாதாட இடமுண்டு என்றாலும், நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். ஏற்கெனவே கொடுத்திருந்தால், காசோலை எண், தேதி, உண்மையில் வாங்கிய தொகை, இதுவரை கட்டியது எல்லாவற்றையும் இன்றே எழுதிவையுங்கள்.

"போலீஸில் சொல்லி உள்ளே தள்ளிவிடுவேன்" என்று மிரட்டுபவருக்கும் ஒரு பதில் இருக்கிறது. கடனைக் கட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் காவல்துறை யாரையும் கைது செய்ய முடியாது. நீதிமன்றமே பணத்தைக் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தாலும், அதை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைச் சிவில் சிறையில் அடைக்கக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு சொல்கிறது. நம் ஊர்ப் பெண்களில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

குழுக்கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் விதித்திருக்கும் நெறிகளும் அப்படியே. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஈடு வாங்காமல் தருவதுதான் இந்தக் கடன். கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்ததே குடும்பம். அவர்களின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, கடன் கொடுக்கும் முன் அதைப் பார்க்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. குறித்த இடத்துக்கு நீங்கள் அடுத்தடுத்து இரண்டு முறை வராவிட்டால்தான் ஊழியர் வீடு தேடி வரலாம். வசை பேசுவது, உறவினரைத் தொல்லைப்படுத்துவது, கடனாளியின் பெயரை ஊரறியச் செய்வது எல்லாம் தடை. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், தகவலுக்கு 14448. கைப்பேசிச் செயலியில் கடன் வாங்கி, படத்தை வெட்டி ஒட்டி மிரட்டுகிறார்கள் என்றால் உடனே 1930.

உரிமம் இல்லாத வட்டிக்காரர் விஷயத்தில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. வீடு தனுவச்சபுரத்தில் இருக்கும், பணம் வாங்கியது களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் 2003-ல் வந்த தமிழ்நாட்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம்; தினவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அது தடுக்கிறது. இந்தப் பக்கம் 1958-ன் கேரள வட்டித்தொழில் சட்டமும் 2012-ன் அதீத வட்டித் தடைச் சட்டமும் இருக்கின்றன. 2014-ல் 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் கேரளக் காவல்துறை 'பிளேடு' எனப்படும் கந்துவட்டிக்காரர்களைத் தேடிப் பிடித்ததும் இவற்றை வைத்துத்தான். "இது எங்கள் எல்லை இல்லை" என்று பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கும் அங்கிருந்து இங்கேயும் அலையவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின்படி, கைது செய்யத்தக்க குற்றத்தை எந்த நிலையத்திலும் பதிந்து, உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

2019 மே மாதம் நெய்யாற்றின்கரையை அடுத்த ஊரில் ஒரு தாயும் மகளும் உயிரை மாய்த்துக்கொண்டதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. வங்கிக் கடனும் ஜப்தி பயமும்தான் காரணம் என்று முதல் நாள் முழுக்கப் பேசப்பட்டது. மறுநாள் கிடைத்த கடிதம் வீட்டுக்குள் நடந்த துன்புறுத்தலைச் சொன்னது. கடன் நெருக்கும்போது, வீட்டில் பேசத் துணை இல்லாத பெண்ணின் நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. அப்படியொரு எண்ணம் மனதில் தலைகாட்டினாலே கேரளத்தின் 'திஷா' 1056 எண்ணையோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ அழையுங்கள். எந்தக் கடனும் தீர்க்கக்கூடியதுதான்.

ஆகவே, வட்டிக்காரர் சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. யாரிடம் எவ்வளவு, எதற்கு வாங்கியது, எவ்வளவு கட்டியாயிற்று என்று ஒரு தாளில் முழுக்க எழுதிக்கொண்டு பேசுங்கள். பாதியை மறைத்துப் பாதியைச் சொன்னால், மறைத்த பாதி வெளிவரும் அன்று சொன்னதும் பொய்யாகிவிடும். தனியாகச் சொல்லத் தயக்கமென்றால் அண்ணனையோ குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் நம்பிக்கையான ஒரு சேச்சியையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். கொடும் வட்டியை முதலில் அடைக்க, 2018-ல் தொடங்கிய 'முற்றத்தெ முல்ல' திட்டத்தில் கூட்டுறவு வங்கிப் பணம் குடும்பஸ்ரீ வழியாகக் கிடைக்குமா என்று உங்கள் அயல்கூட்டத்திலேயே விசாரியுங்கள். கணவர் அடிப்பார் என்ற பயம் இருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் 181-ஐ அழைத்துப் பாதுகாப்பைத் தேடிக்கொண்டு, அப்புறம் கடனைப் பேசலாம். வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வைத்திருப்பதும் 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதார வன்முறையாகச் சேர்கிறது.

இதைப் படிக்கும் கணவர்களிடமும் சொல்ல வேண்டியது உண்டு. அவள் ஏன் சொல்லவில்லை என்று கோபப்படும் முன், சொல்லியிருந்தால் நீங்கள் காது கொடுத்திருப்பீர்களா என்று யோசியுங்கள். 2024-ம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 88 நிமிடம். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைக் கட்டிக்காத்த மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில், மனைவியோடு சேர்ந்து வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏ.டி.எம். அட்டையை அவர் கையிலும் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி பி.வி. நாகரத்னா இந்தியக் கணவர்களுக்கு அறிவுறுத்தினார். இந்த மாதமே அதைச் செய்யலாம். அந்தக் கணக்கு இருக்கும் வீட்டில் வாரவட்டிக்காரருக்கு வேலை குறைவு.

நெய்யாற்றின்கரையில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. கடன்காரருடன் சமரசம் பேசவும், லோக் அதாலத்துக்கு விவகாரத்தைக் கொண்டுபோகவும், வக்கீல் வைத்துக்கொள்ளவும் அங்கே உதவி கிடைக்கும். தொலைபேசியில் என்றால் 15100. 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு இந்த உதவி இலவசம். வருமான வரம்பு கிடையாது, கணவரின் சம்மதமும் தேவையில்லை.