வீட்டிற்குள் இணையம் தளர்வது ஏன்?

மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் தோட்டப்புற வீடுகளுக்குள் வந்தபொழுது, அவற்றைப் பாதுகாப்பாகவும் சிக்கனமாகவும் பயன்படுத்த நம் மக்கள் கற்றுக்கொண்டனர். இன்று அவற்றோடு இணையமும் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிப் பாடம், உயர்கல்விக்கான விண்ணப்பம், அரசாங்க உதவித் தொகைக்கான பதிவு, வங்கிக் கணக்கில் சேரும் சம்பளத்தைச் சரிபார்த்தல் ஆகிய பலவும் கைப்பேசியின் வழியாக நடைபெறுகின்றன. ஆகவே, இணையம் தளர்ந்தால் வீட்டின் அன்றாட அலுவல்களும் தளர்ந்துவிடுகின்றன.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபொழுது இவ்வுண்மையை நாடே உணர்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர், இணையவழித் தேர்வு எழுதுவதற்காக மரத்தின்மேல் ஏறி, இரவையும் அங்கேயே கழித்தார். அவர் இருந்த இடத்தில் அலை எட்டவில்லை. ஆனால், அலை வீட்டின் முன்னறைவரை வந்தும், பின்கட்டில் அமர்ந்து படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகும் இல்லங்களும் பல உண்டு. முன்னதற்குக் கோபுரம் வேண்டும். பின்னதைச் சீர்செய்ய நம் கைகளே போதும். அதற்கான வழிகளை இங்குக் காண்போம்.

முதலில் நோயை அறிவோம்

இணையம் நம் கைப்பேசியை அடைய இரண்டு வழிகளைக் கடக்கிறது. வெளியிலிருந்து வீடுவரை வருவது முதல் வழி. அது ஒளியிழையாகவோ, கோபுரத்திலிருந்து வரும் அலையாகவோ இருக்கலாம். வீட்டிலுள்ள திசைவியிலிருந்து கைப்பேசிவரை செல்வது இரண்டாம் வழி. வைஃபை என்றும் அருகலை என்றும் நாம் கூறுவது இந்த இரண்டாம் வழியை மட்டுமே. சாலையோரப் பெருங்குழாயில் நீர் குறைந்தாலும், வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டாலும், சமையற்கட்டில் நீர் சொட்டாகத்தான் விழும். இரண்டில் எது காரணம் என்பதை அறியாமல் பணம் செலவிடுவது வீண்.

இதனைக் கண்டறிவது எளிது. கைப்பேசியில் வேகத்தை அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். திசைவிக்கு ஓரிரு மீட்டர் தொலைவில் நின்று ஒருமுறை அளந்து, அளவை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், தொல்லை தரும் அறைக்குச் சென்று மறுமுறை அளந்து பாருங்கள். முன்னறையில் 90 மெகாபிட்டும் சமையற்கட்டில் 6 மெகாபிட்டும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின் குறை வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. இரண்டு இடங்களிலும் 6 மெகாபிட்டே காட்டினால் குறை வெளியில் இருக்கலாம். அல்லது திசைவியே பழுதுபட்டிருக்கலாம். காலையில் ஒருமுறையும் இரவு 8 மணிக்கு மேல் ஒருமுறையும் அளந்தால், கூட்ட நேர நெரிசலும் புலப்படும்.

இங்கு ஓர் ஐயத்தையும் நீக்கிக்கொள்வோம். நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் கூறுகின்றன. கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் காட்டப்படுகிறது. 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். எனவே, விநாடிக்கு 100 மெகாபிட் என்பது விநாடிக்கு 12.5 மெகாபைட் ஆகும். காணொளி வழி நடைபெறும் வகுப்பு ஒன்றிற்கு விநாடிக்கு 3 அல்லது 4 மெகாபிட் தடையின்றிக் கிடைத்தால் போதும்.

2025-ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அவ்வருமானத்தில் நடக்கும் குடும்பத்திற்கு மாதம் 30 ரிங்கிட் கூடுதல் கட்டணம் சிறிய தொகையன்று. ஓராண்டில் அது 360 ரிங்கிட் ஆகிவிடும். குறை வீட்டிற்குள் இருக்கும்பொழுது உயர்ந்த வேகத் திட்டத்திற்கு மாறுவதால் பின்கட்டில் உள்ள பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரு பயனும் இராது.

அலையின் இயல்பு

திசைவியை ஒரு விளக்காக எண்ணிப் பாருங்கள். விளக்கின் அருகில் வெளிச்சம் மிகுதி. தொலைவு இருமடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அருகலையும் அவ்வாறே. விளக்கை அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிவிட்டு, அறை இருட்டாக இருக்கிறதே என்று வருந்துவார் உண்டோ?

ஆயினும், ஒளி ஊடுருவாத சில பொருள்களை இவ்வலை ஊடுருவும். பலகைச் சுவர் அதற்குப் பெருந்தடையன்று. செங்கல் சுவர் ஓரளவு தடுக்கும். கம்பி வைத்துக் கட்டிய சிமெண்டுச் சுவர் மிகுதியாகத் தடுக்கும். தகரம், இரும்பு அலமாரி, குளிர்பதனப் பெட்டி போன்ற உலோகப் பொருள்கள் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கண்ணாடியின் பின்புறப் பூச்சும் உலோகமாதலால், ஆளுயர முகம் பார்க்கும் கண்ணாடி ஒரு தடுப்புச் சுவரேயாகும். நீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மீன் தொட்டியின் பின்னால் திசைவியை வைப்பது தவறு.

திசைவிக்கு ஏற்ற இடம்

இயன்றவரை வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல், திறந்த தட்டு ஒன்றில் திசைவியை வையுங்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறமும், இரும்பு அலமாரியின் மேற்புறமும் அதற்கு ஏற்ற இடங்களல்ல. நுண்ணலை அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டியே இயங்குவதால், அது சூடேற்றும் வேளையில் அருகலைக்கு இடையூறு நேரும். அதிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும்.

திசைவியில் குச்சி போன்ற அலைவாங்கிகள் இருப்பின் அவற்றை நிமிர்த்தி வையுங்கள். நிமிர்ந்த குச்சியிலிருந்து அலை பக்கவாட்டில் பரவும். நுனி நோக்கும் திசையில் அது மிகக் குறைவு. ஒரே தளமுள்ள வீட்டிற்கு இதுவே பொருத்தம். மாடி வீடாயின், ஒரு குச்சியை நிமிர்த்தியும் மற்றொன்றைச் சாய்த்தும் வைத்து, ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கலாம்.

இரண்டு அலைவரிசைகள்

இன்றைய திசைவிகளுள் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முன்னதன் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், பின்னதன் அலைநீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். முன்னது சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும்; ஆனால் வேகம் குறைவு. பின்னது வேகம் மிக்கது. ஆனால் சுவர்களைக் கண்டால் விரைவில் தளரும். எனவே, முன்னறைத் தொலைக்காட்சிக்கு 5 கிகாஹெர்ட்ஸும், பின்கட்டுக் கைப்பேசிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸும் பொருந்தும்.

லயத்து வீடுகளில் மற்றுமொரு சிக்கல் உண்டு. ஒரே வரிசையில் பத்து வீடுகள் இருந்து, பத்திலும் திசைவிகள் இயங்கினால், ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சில் மோதுவதுபோல் அலைகள் மோதும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய எண்களைக் கொண்ட தடங்கள் மட்டுமே ஒன்றன்மீது ஒன்று படியாதவை. அண்டை வீட்டார் 6-ஆம் தடத்தில் இருந்தால் நாம் 1-ஆம் தடத்தையோ 11-ஆம் தடத்தையோ தேர்ந்தெடுக்கலாம். திசைவியின் அமைப்புப் பக்கத்தில் இம்மாற்றத்தைச் செய்ய முடியும். மேல்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் உதவியையும் நாடலாம்.

கோபுரத்தை நம்பியிருக்கும் வீடுகள்

ஒளியிழை எட்டாத தோட்டங்களில் சிம் அட்டை பொருத்திய திசைவியையே பலர் பயன்படுத்துகின்றனர். இத்தகைய வீடுகளில் மேற்கூறிய விதி சற்று மாறும். தகரக் கூரையும் சுற்றிலும் அடர்ந்து நிற்கும் செம்பனை மட்டைகளும் கோபுரத்து அலையைத் தடுக்கின்றன. ஆகவே, திசைவியைக் கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய சன்னலருகே உயரமாக வைக்க வேண்டும். திசை தெரியாவிடில், ஒவ்வொரு சன்னலிலும் சில நிமிடம் வைத்து வேகத்தை அளந்தால் சிறந்த இடம் தானே தெரியவரும். வெளிப்புற அலைவாங்கியை இணைக்கும் வசதியுள்ள திசைவிகளுக்கு அதுவும் நல்ல பலன் தரும்.

நாட்டில் மூன்றாம் தலைமுறைச் சேவை 2021-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. எனவே, அதற்கென மட்டுமே செய்யப்பட்ட பழைய மோடங்களை யாரேனும் மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டா. மேலும், பல திட்டங்களில் மாத ஒதுக்கீடு தீர்ந்தபின் வேகம் குறைக்கப்படும். மாதக் கடைசியில் மட்டும் இணையம் தளர்ந்தால் இதனை முதலில் சரிபாருங்கள்.

சன்னலருகே வைத்த திசைவி பின்கட்டிற்கு எட்டவில்லையாயின், அலைபெருக்கி ஒன்றைப் பயன்படுத்தலாம். அதனை அலையே இல்லாத அறையில் வைப்பது பலரும் செய்யும் பிழை. அலை இன்னும் நன்றாக உள்ள பாதி வழியில்தான் வைக்க வேண்டும். கிடைக்காத அலையை அதனால் பெருக்க இயலாது. ஒரே அலைவரிசையில் வாங்கி அனுப்பும் பெருக்கி வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும் என்பதையும் நினைவிற்கொள்க. லேன் கம்பி இழுத்து, பின்கட்டில் இரண்டாவது அருகலைக் கருவியை இணைப்பது இதனினும் மேலானது. அக்கம்பி 100 மீட்டர்வரை வேகத்தை இழக்காமல் கொண்டு செல்லும்.

பாதுகாப்பு

அருகலைக்கு எளிதில் ஊகிக்க இயலாத கடவுச்சொல்லை அமைத்து, டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது டபிள்யூ.பி.ஏ. 3 என்னும் பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். அமைப்புப் பக்கத்திற்கெனத் திசைவியுடன் வரும் தொடக்கக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். அண்டை வீட்டாருக்கு உதவுவது நற்பண்பே. எனினும் கடவுச்சொல்லை வரிசை முழுவதும் பகிர்ந்தால், இருக்கும் வேகத்தை அனைவரும் பங்கிட்டுக்கொள்ள நேரும். விருந்தினருக்கெனத் தனி அருகலை அமைக்கும் வசதி பல திசைவிகளில் உண்டு, அதனைப் பயன்படுத்தலாம்.

இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. மழை இருட்டும்பொழுதே திசைவியின் மின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். செப்புக் கம்பி வழியாகவோ வெளிப்புற அலைவாங்கி வழியாகவோ இணைப்பு வருமாயின் அதனையும் கழற்ற வேண்டும். மின்னல் வெட்டத் தொடங்கியபின் அவற்றைத் தொடுவது ஆபத்து.

குறை வெளியில் இருந்தால்

மேற்கூறிய யாவற்றையும் செய்தபின்னும் திசைவிக்கு அருகிலேயே வேகம் குறைவாக இருந்தால், நாள், மணி, அளந்த வேகம் ஆகியவற்றை ஒரு வாரத்திற்குக் குறித்து வையுங்கள். அக்குறிப்புடன் முதலில் சேவை நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். தக்க தீர்வு கிடைக்காவிடில், அதே குறிப்புடன் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். “இணையம் சரியில்லை” என்னும் வாய்ச்சொல்லைவிட, ஏழு நாள் அளவுகள் எழுதிய ஒரு தாளுக்கு வலிமை அதிகம். வரிசையிலுள்ள குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து குறிப்பெடுத்தால் அவ்வலிமை மேலும் பெருகும். அருகிலுள்ள ‘நாடி’ எனப்படும் தேசியத் தகவல் பரப்பு மையத்திலும் இணைய வசதியைப் பெறலாம். குறை தீரும்வரை பிள்ளைகளின் படிப்பு தடைப்படாமல் இருக்க அது உதவும்.

ஆகவே, இம்மாதக் கட்டணத்தை உயர்த்துவதற்கு முன்னர் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு கைப்பேசி ஆகியவை போதும். திசைவி இருக்கும் இடத்திலும் பிள்ளை படிக்கும் இடத்திலும் வேகத்தை அளந்து பாருங்கள். பின்னர்த் திசைவியை இடம் மாற்றி மீண்டும் அளந்து பாருங்கள். அளந்து பார்த்த பின்னரே பணத்தைச் செலவிடுவோம்.