காலதர்: கணினிப் பெட்டிக்குள் ஒரு காற்றுவழி

பழந்தமிழர் சாளரத்தைக் ‘காலதர்’ என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் மாளிகைக்கு உரியதாக வரும் இச்சொல், இன்று வீட்டு மேசையிலுள்ள கணினிப் பெட்டிக்கும் பொருந்துகின்றது. காற்று இருந்தால் மட்டும் போதாது, அதற்கு வழியும் வேண்டும் என்னும் உண்மை அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பகல் வெப்பம் ஆண்டு முழுதும் 32, 33 பாகை செல்சியசை எட்டுகின்றது. விசிறியால் குளிரும் செயலி, தன்மேல் படும் காற்றைவிடக் குளிர்ந்திருத்தல் இயலாது. பெட்டிக்குள் இருக்கும் பிற உறுப்புகள் அக்காற்றை மேலும் சூடாக்குகின்றன. செயலியின் விசிறி அச்சூட்டுக் காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றுமாயின், இரைச்சல் மிகுமேயன்றிப் பயன் மிகாது. சூடு எல்லை கடந்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் பிள்ளைகளின் வேலையும் தடைப்படும்.

வெளிக்காற்றைக் கலப்பின்றி விசிறியிடம் சேர்க்கும் குழலே இதற்கு மருந்து. 2003ஆம் ஆண்டளவில் இன்டெல் நிறுவனம் பெட்டி செய்வோருக்கு வகுத்த நெறியும் இதுவே. அறை வெப்பம் 35 பாகையாயினும், செயலி விசிறியை அடையும் காற்று 38 பாகையைத் தாண்டலாகாது என்பது அதன் குறிக்கோள். அதன் பொருட்டே பெட்டியின் பக்கத் தகட்டில் காற்றுக்குழல் வைக்கப்பட்டது.

கடையில் கிடைக்கும் குழல் எல்லாப் பெட்டிக்கும் பொருந்துவதில்லை. வளைவுக்கு இசைவதும் மின்சாரம் கடத்தாததுமான கண்ணாடியிழை இங்கே உதவும். எனினும் முதலில் தடித்த அட்டையால் ஒரு குழல் செய்து பார்த்தல் நன்று. ஒரே வேலையைக் கணினிக்கு அரைமணி நேரம் கொடுத்து, குழலின்றி ஒருமுறையும் குழலுடன் ஒருமுறையும் செயலியின் வெப்பத்தைக் குறிக்க வேண்டும். அறை வெப்பத்தையும் உடன் குறித்து, இரண்டின் வேறுபாட்டையே ஒப்பிட வேண்டும். வேறுபாடு குறையவில்லையெனில் கண்ணாடியிழை வேலை வீண்.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் அங்கே செங்கல் அறுத்த காலத்தை நினைவூட்டுவது. செங்கல்லுக்கு அச்சு வெளியே இருக்கும். குழலுக்கு அச்சு உள்ளே இருக்கும். நுரைக்கட்டியைக் குழலின் உள்வடிவில் செதுக்க வேண்டும். 92 மில்லிமீட்டர் விசிறியாயின் அதன் வட்டப் பரப்பு ஏறக்குறைய 66 சதுர சென்டிமீட்டர். குழல் எவ்விடத்தும் அதனினும் ஒடுங்கலாகாது. வளைவும் மெல்லியதாக இருத்தல் வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் போலிஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும் ஆதலின், அச்சின்மேல் பிளாஸ்டிக் நாடாவை இடைவெளியின்றி ஒட்டி மெழுகு பூசுக.

பிறகு இழைப்பாயை இரண்டு மூன்று அடுக்காக ரெசினில் நனைத்துப் படியவைத்து, தூரிகையால் ஒற்றிக் காற்றுக்குமிழிகளை நீக்க வேண்டும். ரெசினை இறுகச்செய்யும் மருந்து எடையில் 1 முதல் 2 விழுக்காடு சேர்ப்பது வழக்கம். வெப்பநாட்டில் குறைந்த அளவே போதும். மிகுந்தால் கலவை கிண்ணத்திலேயே கொதித்துப் புகையும். ஒருநாள் கழித்து நுரையைத் தோண்டி எடுத்து, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துக் கழுவுக. ஒட்டிய இழைத்தூள் பெட்டிக்குள் போகலாகாது. விசிறியின் இதழ் குழலில் உரசாதபடி இடைவெளி விட்டு, ஓரத்தை மென்பஞ்சு நாடாவால் அடைக்க வேண்டும்.

இவ்வேலையை அடுக்குமாடி வீட்டின் மூடிய அறையில் செய்தல் கூடாது. ரெசினின் ஆவி தீப்பற்றும், நுரையீரலுக்கும் கேடு. இறுகச்செய்யும் மருந்து கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். திறந்த வெளியும், ஆவி தடுக்கும் முகக்கவசமும், கையுறையும், கண்ணாடியும் இன்றித் தொடங்கலாகாது.

குழலின் வாயில் தூசுவலை ஒன்றும் வேண்டும். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்டத்தால் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதை யாவரும் அறிவர். புகைத்துகளை வலை முற்றும் தடுக்காது. எனினும் அன்றாடத் தூசைத் தாங்கும். மாதம் ஒருமுறை அதைக் கழுவாவிடின் வழியே அடைபடும்.

அட்டைக்குழல் சோதனையை வகுப்பறையிலும் செய்யலாம். காலதர் என்னும் சொல்லைப் படித்த மாணவன் வெப்பமானியில் அதன் பொருளைக் காண்பானாயின், அச்சொல் அவனுக்கு மறவாது.