வலிப்புக்கு ஆபரேஷன் இருக்கு... ஆனா போய்ச் சேர ஏன் இத்தனை வருஷம்?

வலிப்பு என்றால் மாத்திரைதான் என்று நினைக்கிறோம். ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே, "மூளையில கத்தி வைக்கிறதா? வேண்டவே வேண்டாம்" என்பார்கள் வீட்டில். இத்தனைக்கும் இது புதுசு இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952-லேயே செய்த சிகிச்சை.

யாருக்குத் தேவைப்படும்?

வலிப்பு உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மாத்திரை முழுசா கேட்காது. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை, சரியான அளவில் எடுத்தும் வலிப்பு நிற்கவில்லையா? அதுதான் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. ஆபரேஷன் உதவுமா என்று வலிப்பு மையத்தில் பார்க்க வேண்டிய கட்டம் அதுவே. நம்ம ஊரில் பல நேரம் நடப்பது வேற: மூன்றாவது மாத்திரை, நான்காவது மாத்திரை, டோஸை ஏற்றுவது என வருஷங்கள் ஓடிவிடும்.

ஆபரேஷன்தான் ஆபத்து, காத்திருப்பது பாதுகாப்பு என்ற நினைப்பும் சரியில்லை. கனடாவில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், டெம்போரல் லோப் வலிப்பு உள்ள 80 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஓராண்டு முடிவில், நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் ஆபரேஷன் குழுவில் 58 சதவீதம்; மாத்திரைக் குழுவில் வெறும் 8. ஆபரேஷன் தரப்பில் 4 பேருக்குப் பக்கவிளைவுகள் வந்தன, அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஓர் உயிர் போனது மாத்திரைக் குழுவில்.

எங்கே சிக்குகிறது?

ஆபரேஷனுக்கு முன்னாடியே செலவு தொடங்கிவிடும். வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க, பல நாள் அட்மிட் ஆகி வீடியோ இ.இ.ஜி. எடுக்க வேண்டும். வலிப்பு வரட்டும் என்றே மாத்திரையைக் குறைப்பார்கள். கூட ஒருத்தர் இருக்கணும். அவருக்கு அந்த நாட்களின் கூலி போச்சு. வலிப்புக்கென்றே எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேறு, சாதாரண ஸ்கேனில் 'நார்மல்' என்று வந்தது இதில் சிக்கலாம். இத்தனை சோதனை முடிந்தும், 'உங்களுக்கு ஆபரேஷன் ஒத்துவராது' என்ற பதில் வரவும் வாய்ப்புண்டு.

இதையெல்லாம் ஒரே இடத்தில் செய்யும் மையங்களும் குறைவு. தென் மாவட்டங்களில் இருந்து பலரும் ரயிலேறுவது திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவுக்கு.

அடுத்தது கல்யாணப் பேச்சு. வலிப்பு இருப்பதே வெளியே தெரியக்கூடாது என்கிற வீட்டில், அட்மிட் ஆவதை எப்படிச் சொல்வார்கள்? இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பை 1999-லேயே நீக்கியாச்சு. சொந்தபந்தங்களின் வாய்தான் இன்னும் மாறவில்லை.

இரண்டு மருந்து பலிக்காதவர்கள், "என்னை வலிப்பு மையத்துக்கு எழுதித் தர முடியுமா?" என்று டாக்டரிடம் நேராகவே கேட்கலாம். போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர், அளவு, பழைய ஸ்கேன், வலிப்பு வந்தபோது செல்போனில் எடுத்த வீடியோ எல்லாம் கையில் இருக்கட்டும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.