பாலாவி உப்பளமும் 2022 திருத்தமும்

தேத்தண்ணீர் வரட்டும் தம்பி, அதற்குள் ஒரு வழக்கைக் கற்பனை செய்து பார்ப்போம். பாலாவி உப்பளத்தில் நாட்கூலிக்கு உப்பு வாரும் ஒருவர், வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறார். புத்தளம்–கொழும்பு வீதியில் லொறி தட்டி ஆள் போய்விட்டார். குடும்பத்துக்கு முதலாளியிடமிருந்து நட்டஈடு உண்டா?

தொண்ணூறுகளில் சத்தியப்பிரமாணம் எடுத்த ஒரு சட்டத்தரணியைக் கேட்டால், மனப்பாடமாகச் சொல்வார்: விபத்து வேலையின் காரணமாக எழுந்திருக்க வேண்டும், வேலை செய்துகொண்டிருந்தபோது நடந்திருக்கவும் வேண்டும். இது வீதியில் நடந்தது. ஆகவே ஒன்றும் கிடைக்காது. அவர் படித்த காலத்துக்கு அது பெரும்பாலும் சரியான பதில்தான். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் பேசியது. ஆனால் 2022 திருத்தம், வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையிலான பயணத்தையும் உள்ளே சேர்த்துவிட்டது. தொகையும் ஏறியது. 2005 திருத்தம் 550,000 ரூபாயாக வைத்திருந்த உச்சவரம்பு 20 இலட்சமானது. இரண்டையும் வாசிக்காத சட்டத்தரணி அந்த விதவையை வெறுங்கையோடு அனுப்புவார். தனக்கு எது இல்லாமல் போனது என்பது அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பிழை விட்ட வைத்தியருக்கெதிராக யாராவது சத்தம் போடுவார்கள். இதில் சத்தமே வராது.

பட்டம் வாங்கிய பிறகும் சட்டத்தரணி படிக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். கலிபோர்னியாவில் சட்டத்தரணிகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 25 மணிநேரப் படிப்புக் கணக்குக் காட்ட வேண்டும்; தொழிலாளர் நட்டஈட்டுக்கென்று தனியாக நிபுணத்துவச் சான்றிதழும் அங்கே உண்டு. இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு வருடம் 16 மணிநேரம் என்றிருந்த விதியை 2016இல் எடுத்துவிட்டார்கள். மணிக்கணக்கை வைத்து அறிவை அளக்க முடியாது என்று கண்டதால்தான் எடுத்தார்கள் என்பது என் எண்ணம். பின்வரிசையில் இருந்து கையொப்பம் போட்டுவிட்டு எழும்பிப் போகும் கருத்தரங்குகளை நாமும் பார்த்திருக்கிறோம்.

நம் பக்கத்துக்கு வேண்டிய படிப்பு வேறு. உடப்புக் கரைவலையை எடுங்கள். வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. இழுப்பவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பிடிபடும் மீனில் பங்குதான். இழுக்கும்போது கயிற்றில் கை மாட்டி விரல் போனால், அந்த ஆள் சட்டம் சொல்லும் வேலையாளா, அல்லது சம்மாட்டியின் கூட்டாளியா? முதலாளி தரப்பு முதலில் எடுக்கப்போகும் வாதமே இதுதான்: "அவர் பங்குக்காரர், எங்கள் ஆள் இல்லை." அதற்குப் பதில் சட்டப் புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது, மீதி கரையில் கிடக்கிறது. இன்றைக்கு வலை வளைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் யார்? முற்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைத்திருப்பவர் யார்? வலை கிழிந்தால் நட்டம் யாருடைய தலையில்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் சம்மாட்டி என்றே பதில் வந்தால், பங்கு என்ற பெயருக்குள் கூலி ஒளிந்திருக்கிறது என்று வாதிடலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, வாய்ப்பேச்சே போதும். வேதனம் என்பதற்குள் பணமாக மதிக்கக்கூடிய சலுகைகளும் அடங்கும். அப்படியென்றால் கறிக்கென்று தினம் கொடுத்தனுப்பும் மீனையும் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். நட்டஈடு வேதனத்தை வைத்துத்தானே கணக்கிடப்படுகிறது. இதைக் கேட்க மறந்த சட்டத்தரணி கட்சிக்காரரின் தொகையைத் தானே குறைத்துவிடுகிறார்.

எனவே கொழும்பு ஹோட்டல் மண்டபத்தில் நடக்கும் விரிவுரையைவிட, புத்தளம் நீதிமன்றச் சட்டத்தரணிகள் ஒரு சனிக்கிழமை கூடி, ஆஸ்பத்திரி வைத்தியர் ஒருவரைக் கூப்பிட்டு, உழைக்கும் திறனில் எத்தனை வீதம் போனது என்று எப்படி எழுதுகிறார் எனக் கேட்பது பயன். தும்பு ஆலை ஒன்றுக்குள் போய், பட்டி ஓடும் இயந்திரத்தின் முன்னால் நின்று பார்ப்பதும் பயன்தான். இறால் பண்ணையில் இரவுக் காவலுக்கு இருப்பவரின் வேலை நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று விசாரித்திருந்தால், குறுக்கு விசாரணையில் திணற வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலாளியின் கவனக்குறைவு என்று சொல்லி மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. ஆனால் இரண்டு பாதையிலும் போக முடியாது, ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும். வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் போனால் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை, தொகைக்கு வரம்பு உண்டு. நீதிமன்றத்தில் வரம்பு இல்லை, நிரூபிக்கும் சுமை முழுவதும் தொழிலாளியின் தோளில். கட்சிக்காரர் எதிலும் கையெழுத்து வைக்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

கையெழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. மரணம் நடந்த வீட்டுக்கு முதலாளியின் ஆள் வருவார், ஒரு தொகையைக் கொடுத்து "இனிக் கோரிக்கை ஒன்றும் இல்லை" என்று எழுதி வாங்குவார். குடும்பமும் அதோடு எல்லாம் முடிந்தது என்று நம்பிவிடும். முடியவில்லை. மரணத்துக்கான நட்டஈடு ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட வேண்டியது. தங்கியிருந்தோருக்கு அதைப் பங்கிடுபவரும் அவர்தான். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய கடதாசிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு யாராவது உங்களிடம் வந்தால், விபத்தும் மரணமும் நடந்த திகதிகளை முதலில் கேளுங்கள். கோரிக்கையைப் பதிய இரண்டு வருடம்தான் தவணை.