ரங்கூனில் அடிபட்டால்...

மியன்மரில் 1970-ல் வண்டிகள் சாலையின் வலப்பக்கத்துக்கு மாறின. அதற்குப் பிறகும் ஜப்பானில் ஓடி முடித்த பழைய பஸ்கள்தான் யாங்கோனில் ஆண்டுக்கணக்கில் ஓடின. அவற்றுக்கு வாசல் இடப்பக்கம். இறங்குகிறவர் நடைபாதைக்குப் பதில் நடுரோட்டில், ஓடுகிற வண்டிகளுக்கு முன்னால் காலை வைத்தார். நம் பெரியவர்கள் இன்றும் ரங்கூன் என்றே சொல்லும் அந்த நகரம், 2003-லேயே மோட்டார் சைக்கிள்களுக்குத் தடை போட்டது. ஆனாலும் அடிபட்டவர்களின் வரத்து நிற்கவில்லை.

அவர்களில் பலர் போய்ச் சேரும் இடம் யாங்கோன் பொது மருத்துவமனை, ஆங்கிலேயர் காலத்துச் செங்கல் கட்டடம். நூறாண்டுப் பெருமை இருந்தும், அவசர மருத்துவம் என்ற தனித்துறை அங்கே நெடுங்காலம் இருக்கவில்லை.

மாற்றம் இரண்டு பக்கமிருந்து வந்தது. மியன்மரைத் தாக்கிய நர்கிஸ் புயலுக்கு அடுத்த ஆண்டு, 2009-ல், காயம்பட்டவரை முதல் சில நிமிடங்களில் எப்படிக் கையாள்வது என்ற பயிற்சி டாக்டர்களுக்குத் தொடங்கியது. பிறகு, 2013 டிசம்பரில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளை மியன்மர் நடத்த வேண்டியிருந்தது. வெளிநாட்டு வீரர்கள் வருவதற்குள் அவசர மருத்துவர்கள் வேண்டும்! எலும்பு அறுவை நிபுணர் ஜோ வை சோ முன்னின்றார். ஆஸ்திரேலிய டாக்டர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். அவசர மருத்துவத்துக்கு டிப்ளமோ பிறந்தது.

இந்தச் சிகிச்சையில் விலையுயர்ந்த கருவிகளைவிட வரிசைதான் முக்கியம். முதலில் கழுத்தை அசைக்காமல் தாடையை மட்டும் முன்னுக்குத் தூக்கி மூச்சுப்பாதையைத் திறக்க வேண்டும். அடுத்து மூச்சு. அடுத்து ரத்தப்போக்கு. இடுப்பெலும்பு நொறுங்கியவருக்கு வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே லிட்டர் கணக்கில் ரத்தம் போய்விடும். கட்டில் விரிப்பு ஒன்றை மடித்து, தொடையெலும்பு இடுப்போடு சேரும் மட்டத்தில் சுற்றி இறுக்கிக் கட்டினால், அறுவை அரங்குக்குப் போகும்வரை உயிரைப் பிடித்து வைக்கலாம். துணி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. எங்கே கட்டுவது என்று தெரிந்த கைகள்தான் வேண்டும்.

அந்தக் கைகளைத்தான் யாங்கோன் இழந்தது. 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், அரசு டாக்டர்களும் நர்ஸ்களும் பணியைப் புறக்கணித்து வெளியேறினார்கள். மார்ச் 3-ல் வடக்கு ஒக்கலாப்பாவில் ஆம்புலன்ஸ் தொண்டர்களைக் காவல்படையினர் துப்பாக்கிக் கட்டையால் அடித்த காட்சியை உலகமே பார்த்தது. இது முதல் முறையும் அல்ல: 1988 ஆகஸ்ட் 10-ல் இதே பொது மருத்துவமனையின் மீதே படையினர் சுட்டிருக்கிறார்கள். ஜோ வை சோ, ராணுவத்தை எதிர்க்கும் தேசிய ஒற்றுமை அரசில் சுகாதார அமைச்சரானார்.

அடிபட்டவருக்கும் டாக்டருக்கும் நடுவே அதிகாரத்தின் பயம் நிற்பது அங்கே மட்டுமல்ல. இந்தியாவிலும் ஒரு காலத்தில் போலீஸ் கேஸ் என்றாலே ஆஸ்பத்திரிகள் கையை விரித்தன. அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஸ்கூட்டர்காரர் ஒருவர் வழியிலேயே இறந்த செய்தி வழக்காகி, 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் பரமானந்த் கட்டாரா தீர்ப்பு வந்தது: சிகிச்சை முதலில், சட்ட நடைமுறை பிறகு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை.

யாங்கோனுக்குப் புதிய கட்டடமோ கூடுதல் ஆம்புலன்ஸோ முதல் தேவையல்ல. காயம்பட்டவர் யார் என்று கேட்காமல் கட்டுப் போட்ட டாக்டரும் தொண்டரும், கைதாகும் பயமின்றி வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு வழிவிட வேண்டியது ராணுவம்தான்.