ஆழம் தெரியாமல் காலை விடாதே: கண் காட்டும் பொய்க் கணக்கு

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிரம்பித் தெளிந்திருக்கும் நாளில், கல்படியில் நின்று உள்ளே பாருங்கள். முழுகிக் கிடக்கும் படிகள் மேலே உள்ள படிகளைவிட உயரம் குறைந்தவையாகத் தெரியும். தள்ளிப் போகப் போக ஒன்றோடொன்று நெருங்கி, தரை மேலே ஏறி வந்துவிட்டதுபோல் இருக்கும்.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதை இன்று பணத்தோடும் தொழிலோடும் சேர்த்துத்தான் அதிகம் சொல்கிறோம். ஏலச்சீட்டில் மாட்டிக்கொண்டவர், அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், எல்லாருக்கும் இந்த ஒரே பேச்சுதான். கேட்பவர் காதில் அது 'இறங்காதே' என்ற தடையாக விழுகிறது. ஆனால் பழமொழியில் தடை எதுவும் இல்லை. ஆழத்தைத் தெரிந்துகொண்டு இறங்கு என்பதே அதன் பொருள்.

பழமொழியை நேர்ப் பொருளிலேயே எடுத்துக்கொண்டால் அதன் அருமை புரியும். ஒளி காற்றில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. தண்ணீரில் அது சுமார் 2.25 லட்சமாகக் குறைகிறது. வேகம் மாறுவதால், தண்ணீரிலிருந்து சாய்வாக வெளியே வரும் ஒளி வளைகிறது. நம் மூளையோ அது நேர்கோட்டில் வந்ததாகவே கணக்குப் போடுகிறது. அதனால் தரை மேலே இருப்பதாகத் தெரிகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. நேர் மேலிருந்து பார்த்தாலே உண்மையான ஆழத்தில் முக்கால் பங்குதான் கண்ணுக்குத் தெரியும். 6 அடித் தண்ணீர் நாலரை அடியாகத் தெரியும். ஐந்தரை அடி உயரமுள்ளவர் கழுத்தளவுதான், நிலைக்கும் என்று நம்பி இறங்குவார். தண்ணீர் தலைக்கு மேல் போய்விடும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் ஆழம் இன்னும் குறைவாகத் தெரியும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சட்டியின் அடியில் நாணயத்தை வையுங்கள். விளிம்பு அதை மறைக்கும் அளவுக்குக் கண்ணைத் தாழ்த்துங்கள். தலையை அசைக்காமல், இன்னொருவரை மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மறைந்திருந்த நாணயம் மேலெழுந்து கண்ணுக்குத் தெரியும். தண்ணீரில் ஈட்டி எறிந்து மீன் பிடிப்பவர்கள், மீன் தெரியும் இடத்துக்குக் கீழே குறிவைப்பதும் இதனால்தான்.

தொடக்கத்தில் சொன்ன, திருமலை நாயக்கர் வெட்டுவித்த வண்டியூர் தெப்பக்குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. உள்ளே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். தைப்பூசத் தெப்பம் மிதக்காமல் நிலைத்தெப்பமாக நடந்தது. வைகையிலிருந்து வரும் கால்வாய் சீரான பிறகுதான் குளம் மீண்டும் நிறைந்தது. தண்ணீரோடு பழகாமலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான்.

கண்மாயில் ஆபத்து இன்னும் அதிகம். கலங்கல் தண்ணீரில் களிமண் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் தரையே தெரியாது. கண்மாயின் ஆழமான பகுதி கரையையும் மடையையும் ஒட்டியே இருக்கும். அங்கே ஓரம்தானே என்று இறங்கவே கூடாது. மண் அள்ளும் இயந்திரங்கள் தோண்டிவிட்டுப் போன செங்குத்தான பள்ளங்களும் மழை பெய்து நிறைந்ததும் மறைந்துவிடும். ஒரு எட்டில் முழங்கால் அளவு, அடுத்த எட்டில் இரண்டு ஆள் ஆழம். இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். ஐ.நா. பொதுச்சபை 2021இல் ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது.

நம் ஊர்க் குளங்களிலும் கண்மாய்களிலும் ஆழத்தைக் காட்டும் அளவுகோல் கற்களை நட வேண்டும். பள்ளிகளில் நீச்சல் கற்றுத்தர வேண்டும். யாராவது தண்ணீரில் தத்தளித்தால், நீச்சல் தெரியாதவர்கள் குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, துப்பட்டா, மூங்கில் என்று கையில் கிடைத்ததை நீட்டுங்கள். காலிக் குடத்தை வீசுங்கள். கூடவே 112ஐ அழையுங்கள்.