கழுத்தில் பொறித்த முத்திரை
பழைய அமெரிக்க மடக்குச் சவரக்கத்தியைச் சேகரிப்பவர் முதலில் பார்ப்பது, அலகுக்கும் பிடிக்கும் நடுவே கழுத்தில் பொறித்த முத்திரையை. தயாரித்த நிறுவனமும் ஊரும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஜே.ஆர். டோரி என்றால் மாசசூசெட்ஸின் வூஸ்டர். ஜென்கோ என்றால் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா. அதே மாநிலத்தின் லிட்டில் வேலி என்ற சிற்றூரில் கேஸ் குடும்பமும் உறவினர்களும் பல கத்தி நிறுவனங்களை நடத்தினர். அந்த உறவுமுறை தெரிந்தால்தான் அவ்வூர் முத்திரைகள் பிடிபடும், சேகரிப்பின் சுவையும் அங்கேதான். 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது; இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகளை அடையாளம் காண அது உதவுகிறது. 1903இல் ஜில்லெட்டின் பாதுகாப்பு ரேசர் விற்பனைக்கு வந்தபின் இத்தொழில் தேய்ந்தது. எஞ்சியவற்றில் செல்லுலாய்டு பிடி போட்டவற்றைத் தனியே வைப்பது நல்லது: அது சிதையும்போது வெளிவரும் அமில ஆவி, பக்கத்துக் கத்தியையும் துருப்பிடிக்கச் செய்யும்.